கணக்குக் காட்டாதவன்

பெருநகர் என்றதும் மேயர், மேம்பாலம் என்றெல்லாம் நினைத்துவிடாதீர்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி போகிற ரோட்டில், உத்திரமேரூர் பக்கம், பெயரளவில் மட்டும் பெரிய ஊர். என் சொந்த ஊர். இங்கே நீங்கள் தும்மினால் அடுத்த தெருவில் கஷாயம் கொதிக்கும்.

அப்பேர்ப்பட்ட ஊரில் ஒரு வருஷம் ஒரு ரகசியத்தைக் காப்பாற்றினேன். மனச்சோர்வுக்கு மாத்திரை. பெயர் செர்ட்ராலின். காஞ்சிபுரத்து டாக்டர் எழுதிக் கொடுத்தது, வைட்டமின் டப்பாவுக்குள் மாறுவேஷத்தில் இருந்தது. "சத்து மாத்திரை சாப்பிட்டும் தேறலையே!" என்று அம்மாவுக்குக் கவலை.

ஒருநாள் ஆபீஸ் விட்டு வரும்போது பைக் சறுக்கித் தோளில் அடி. கிளினிக்கில் டாக்டர் கேட்க வேண்டியதைக் கேட்டார்: "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?"

பக்கத்தில் அம்மா. அம்மாவுக்குப் பக்கத்தில் எதிர்வீட்டு அத்தை.

"சத்து மாத்திரை மட்டும்தான் சார்."

வலிக்கு ட்ரமடால் எழுதினார். ராத்திரி இரண்டாவது மாத்திரை போட்ட கொஞ்ச நேரத்தில் சட்டை நனைகிற அளவுக்கு வியர்வை. கை நடுங்குகிறது. நெஞ்சு படபடக்கிறது. உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை. "காத்து கருப்புதான்" என்று அத்தை வேப்பிலைக்கு ஆள் அனுப்ப, மச்சான் ஆட்டோவுக்கு ஓடினான். நல்ல வேளை, ஆட்டோ முதலில் வந்தது.

ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டரம்மா என் பாதத்தைப் பிடித்து மேல்நோக்கி ஒரு தள்ளு தள்ளினார். அது பாட்டுக்குத் தறி மிதிக்க ஆரம்பித்துவிட்டது! "என்னென்ன மாத்திரை? ஒண்ணு விடாம சொல்லுங்க." சொன்னேன். அம்மா எதிரிலேயே.

மூளையில் செரட்டோனின் என்று ஒரு சரக்கு. அது வடிகிற குழாயைக் கொஞ்சம் அடைப்பதுதான் செர்ட்ராலினின் வேலை. ட்ரமடால் வலி மாத்திரைதான். ஆனால் அதுவும் சைடில் அதே குழாயை அடைக்கும். இரண்டும் சேர்ந்தால் தொட்டி வழியும். முற்றினால் கடும் ஜுரம், வலிப்பு, உயிருக்கே ஆபத்து. புளூஆக்ஸெடினோ வேறு மாதிரி: ட்ரமடாலைச் சரியாக வேலை செய்யவிடாது. வலி குறையவில்லையே என்று நாம் இன்னொன்று போடுவோம். அதை நிறுத்திச் சில வாரங்கள் ஆனாலும் உடம்பில் இருக்கும்.

டாக்டரம்மா ஒரு பழைய கதையும் சொன்னார். 1984 மார்ச், நியூயார்க். லிபி ஸயான், 18 வயது மாணவி. பினெல்ஸின் என்ற மனச்சோர்வு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் உதறலுக்குப் பெத்திடின் ஊசி போட்டார்கள். விடிந்தபோது பெண் இல்லை. இரண்டு மருந்தும் மோதியதுதான் காரணம் என்பது பரவலான கருத்து. பத்திரிகையாளரான அப்பா விடாமல் போராடினார். 1989-ல் அந்த மாநிலத்தில் பயிற்சி டாக்டர்களுக்கு வாரம் 80 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்று விதி வந்தது.

எனக்கு இரண்டு மாத்திரையையும் நிறுத்தி, டிரிப் ஏற்றி, சைப்ரோஹெப்டடின் கொடுத்தார்கள். குழந்தைகளுக்குப் பசிக்காகக் கொடுப்பார்களே, அதேதான், செரட்டோனினையும் தடுக்குமாம். நர்ஸ் "பசி மாத்திரைம்மா" என்றதும் அம்மா, "நான் அப்பவே சொன்னேன், இவன் சரியா சாப்பிடறதில்லை!"

மறுநாள் நடுக்கம் நின்றது. தோளுக்குப் பாராசிட்டமால் போதும் என்றார்கள். செர்ட்ராலினைப் பழைய டாக்டரே பார்த்து மறுபடி ஆரம்பித்தார். நீங்களும் பயந்துபோய் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அது வேறு வம்பு. எந்த டாக்டரிடம் போனாலும், மருந்துக்கடையில் இருமல் டானிக் வாங்கினாலும், சீட்டைக் காட்டுங்கள். டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் உள்ள டானிக்கும் இந்தக் கூட்டணியில் உண்டு.

எங்கள் உத்திரமேரூர்க் கல்வெட்டில், பராந்தக சோழன் காலத்தில், சுமார் 921-லேயே வெட்டி வைத்திருக்கிறார்கள்: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடவோலையில் எழுதக் கூடாது. மாத்திரைக் கணக்குக் காட்டாதவனுக்கு என்ன கதி என்று நான் சேர்த்து வெட்டலாம்.

இப்போது ரகசியம் போச்சு. "மனசு மாத்திரை போட்டியாடா?" என்று அம்மா வாசலிலிருந்தே கத்துகிறாள். தெருவே கேட்கிறது.

நாலாம் நாள் சாயங்காலம் எதிர்வீட்டு அத்தை மெதுவாக வந்தாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"தம்பி, அந்தக் காஞ்சிபுரம் டாக்டர் எந்தக் கிழமை பார்ப்பாரு?"