வரையறைக்குள் செவிலியர், குழுவுக்கு வெளியே செவிலியர்

கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் முதுநிலைப் பயிற்சி மருத்துவர் பாலியல் வன்முறைக்கு ஆளாகிக் கொல்லப்பட்ட கொடூரத்தை அடுத்து, 2024 ஆகஸ்ட் 20 அன்று உச்சநீதிமன்றம் தேசியப் பணிக்குழு ஒன்றை அமைத்தது. மருத்துவப் பணியாளர்களின் பாதுகாப்புக்கு விதிமுறை வகுப்பது அதன் பொறுப்பு. அச்சொல்லுக்குள் செவிலியரும் அடங்குவர் என்று ஆணையே விளக்கியது. ஆனால் அன்று அறிவிக்கப்பட்ட பட்டியலில் மூத்த மருத்துவர்கள் இருந்தனர். அமைச்சரவைச் செயலாளர், உள்துறைச் செயலாளர், சுகாதாரச் செயலாளர் இருந்தனர். செவிலியர் ஒருவர்கூட இல்லை.

இத்தனைக்கும், அவ்விசாரணையில் நினைவுகூரப்பட்ட பெயர்களுள் ஒன்று அருணா ஷான்பாக். மும்பை கே.இ.எம். மருத்துவமனையின் செவிலியர். 1973 நவம்பரில் பணியிடத்திலேயே அங்கு வேலை செய்த ஊழியன் ஒருவனால் தாக்கப்பட்டு, 2015 மே மாதம் உயிர் பிரியும்வரை படுக்கையில் கிடந்தவர். நாற்பத்தொரு ஆண்டுகளுக்கு மேல் அவரைப் பேணிக் காத்தவர்கள் அம்மருத்துவமனைச் செவிலியர்களே. ஒரு தலைமுறை ஓய்வுபெற, அடுத்த தலைமுறை அப்பணியை ஏற்றது. மருத்துவமனையில் பெண்ணின் பாதுகாப்பு பற்றி இந்த நாட்டில் இவர்களைவிட அறிந்தவர் யார்?

இந்த விடுபடல் தற்செயலானதன்று. 1947ஆம் ஆண்டின் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம், ஒவ்வொரு மாநிலக் கவுன்சிலும் ஒரு செவிலியரைத் தேர்ந்தெடுத்து அனுப்ப வழி வைத்திருந்தது. பழைய கவுன்சில் மாசற்றது என்று எவரும் வாதிடப் போவதில்லை. ஆயினும் அங்கே ஒரு வாக்கு இருந்தது. 2023இல் மோடி அரசு கொண்டுவந்த தேசியச் செவிலியர் மற்றும் பேறுகாலப் பணியாளர் ஆணையச் சட்டம் அதற்கு மாற்றாக வைத்திருப்பது 29 உறுப்பினர் ஆணையம். தலைவராவதற்கு நர்சிங் முதுநிலைப் பட்டமும் 20 ஆண்டு அனுபவமும் வேண்டுமாம்; நல்லது. ஆனால் அவரைத் தேர்வு செய்வது யார்? அமைச்சரவைச் செயலாளர் தலைமையிலான தேடுதல் குழு! அமைச்சகத்தால் அமர்த்தப்படுபவர் அமைச்சகத்தின் கொள்கையை எதிர்த்துப் பேசுவார் என நம்பச் சொல்கிறார்கள்.

மேல்மட்டத்தில் கதவு இவ்வாறு அடைக்கப்பட, கீழ்மட்டத்தில் வாயும் அடைக்கப்படுகிறது. தேசிய சுகாதார இயக்கத்தின் கீழ் ஒப்பந்த ஊதியத்தில் உழைக்கும் செவிலியர், ஆள் பற்றாக்குறையைச் சொன்னால் அடுத்த ஒப்பந்தம் கிடைக்குமா என்று அஞ்ச வேண்டியிருக்கிறது. இரவுப்பணி முடித்து வீட்டு வேலைக்குத் திரும்பும் பெண்ணுக்குக் கொள்கை வரைவைப் படிக்க நேரம் ஏது? வார்டில் மருந்து தீர்ந்ததை முதலில் அறிபவர் அவர். கொள்முதல் குறித்த கூட்டத்தில் அவருக்கு நாற்காலி கிடையாது. மருத்துவரே தலை, செவிலியர் கை என்னும் படிநிலை மனப்பான்மையும், சேவை என்ற பெயரில் பெண்ணுழைப்பை மலிவாக்கும் ஆணாதிக்கமும் இதற்குத் துணை நிற்கின்றன. 2016இல் மத்திய அரசு மருத்துவமனைகளில் ‘ஸ்டாஃப் நர்ஸ்’ என்பது ‘நர்சிங் ஆபீசர்’ என்று மாற்றப்பட்டது. பெயர்ப்பலகைக்குச் செலவு குறைவு.

அதே 2016இல், உச்சநீதிமன்ற உத்தரவின்படி அமைந்த மத்திய அரசுக் குழு தனியார் மருத்துவமனைச் செவிலியருக்கு ஊதியம் பரிந்துரைத்தது: 200 படுக்கைக்கு மேல் எனில் அரசுச் செவிலியருக்கு இணையாக, 50 படுக்கைக்குக் குறைவெனில் 20,000 ரூபாய்க்குக் குறையாமல். ஒன்றிய அரசு அதை மாநிலங்களுக்கு அனுப்பிவிட்டுக் கைகழுவியது. கேரளத்தில் ஆயிரக்கணக்கான செவிலியர் வேலைநிறுத்தத்தில் இறங்கிய பிறகே, 2018 ஏப்ரலில் இடது ஜனநாயக முன்னணி அரசு 20,000 ரூபாயைக் குறைந்தபட்ச ஊதியமாக அறிவிக்கை செய்தது. மருத்துவமனை முதலாளிகள் உடனே நீதிமன்றம் ஓடினர்.

2020 மே 3 அன்று இதே செவிலியர் பணிபுரிந்த மருத்துவமனைகள்மீது விமானப்படை ஹெலிகாப்டர்கள் மலர் தூவின. அவ்வாண்டு டிசம்பர் 14 அன்று தில்லி எய்ம்ஸ் செவிலியர் ஊதிய முரண்பாட்டைக் களையக் கோரி வேலைநிறுத்தம் செய்தபோது, மறுநாளே அதற்கு உயர்நீதிமன்றத் தடை வாங்கப்பட்டது.

ஆணையத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட செவிலியர் பிரதிநிதிகள், மாநிலந்தோறும் கோப்பில் கையெழுத்திடும் அதிகாரமுள்ள தனி நர்சிங் இயக்குநரகம், ஒப்பந்த முறை ஒழிப்பு: இம்மூன்றையும் சேர்த்தே கேட்க வேண்டும். வேலை நிரந்தரமில்லாத செவிலியருக்கு ஆணையத்தில் ஓர் இடம் கொடுத்தால், அங்கும் அவர் வாய்மூடித்தான் அமர்ந்திருப்பார்.