ஊருக்கு வர்ற பழைய காரும், கூட வராத பெல்ட் கணக்கும்

சங்கராபுரம் சுத்துப்பட்டு கிராமங்கள்ல இப்போ தெருவுக்கு ரெண்டு மூணு கார் நிக்குது. சான்ட்ரோ, மாருதி 800, ஆம்னி, இண்டிகா. இதுல நெறைய வண்டி, சென்னையிலயும் பெங்களூர்லயும் வேலை பாக்குற பசங்க புதுசு வாங்கினதும், "பழசை அப்பா வெச்சிக்கட்டும்"னு கொண்டாந்து விட்டது. நல்ல காரியம், நான் குறை சொல்லல. வண்டியோட ஆர்சி வருது, இன்சூரன்ஸ் வருது, ஸ்டெப்னி வருது. டைமிங் பெல்ட் எப்போ மாத்தினதுங்கிற கணக்கு மட்டும் வர்றதில்லை.

அந்தக் கணக்கு இல்லாம ஊருக்கு வண்டி அனுப்பாதீங்க. இதுதான் இந்தப் பதிவுல நான் சொல்ல வந்தது. இதோட இன்னொண்ணும் சொல்லணும். அந்த பெல்ட்டை வீட்டு வாசல்லயே மாத்த முடியும், அதைத் தப்புன்னு நான் நெனைக்கல. ஆனா அதுக்கு எல்லை இருக்கு.

முதல்ல பெல்ட்டு என்ன வேலை செய்யுதுன்னு பாப்போம். மாவு மில்லுல ஓடுற பெல்ட்டு கொஞ்சம் வழுக்கினா மாவு மெதுவா விழும், அவ்வளவுதான். கார் எஞ்சின்ல இருக்கிறது பல்லு வெச்ச ரப்பர் பெல்ட்டு. கீழ கிராங்க் ரெண்டு சுத்து சுத்தினா மேல கேம் ஒரு சுத்து சுத்தணும். அந்தக் கணக்குல வால்வு தொறக்கும், மூடும். ஒரு பல்லு தாண்டினாலும் கணக்கு கெட்டுப்போகும்.

அம்பாசடர் காலத்துல இந்த வேலைய இரும்புச் செயின் பாத்துது. 1962-ல ஜெர்மனியில கிளாஸ் 1004-ங்கிற கார்லதான் முதல்ல ரப்பர் பெல்ட்டு போட்டாங்க. விலை கம்மி, சத்தம் இல்ல, எண்ணெய் வேண்டாம். அதனால உலகம் பூரா பரவிடுச்சு. ஒரே ஒரு வித்தியாசம், செயின் தேஞ்சா சத்தம் போட்டுச் சொல்லும். பெல்ட்டு பெரும்பாலும் சொல்லாமயே அறுந்துடும்.

அறுந்தா சில எஞ்சின் சும்மா நின்னுடும், பெருசா ஒண்ணும் ஆகாது. சான்ட்ரோ மாதிரி எஞ்சின்ல அப்படி இல்ல. தொறந்து நிக்கிற வால்வு மேல பிஸ்டன் வந்து இடிக்கும். வால்வு வளையும். அப்புறம் ஹெட்டைக் கழட்டணும், லேத்துக்குக் கொண்டுபோகணும். பெல்ட் செட்டுக்கு ஆகிறது சில ஆயிரம். ஹெட் வேலைக்கு ஆகிறதுல அந்தப் பழைய வண்டியோட விலையில பெரும் பங்கு போயிடும்.

பணத்தை விடுங்க. போன வருஷம் ஐப்பசி மாசம் எங்க தெருவுல பெரியப்பா முறை ஆகிறவரு, பெரியம்மாவுக்கு நெஞ்சு வலின்னு ராத்திரி பதினோரு மணிக்கு வண்டிய எடுத்தாரு. கள்ளக்குறிச்சி போற பாதி வழியில 'டக்'குனு ஒரு சத்தம், எஞ்சின் நின்னுடுச்சு. செல்ஃப் அடிச்சா மோட்டார் எதையும் இழுக்காம வெறுமனே வேகமா சுத்துது. மழைத் தூறல், ரெண்டு பக்கமும் கரும்புத் தோட்டம். அப்புறம் 108 வந்து ஏத்திட்டுப் போச்சு. பெரியம்மா பொழச்சிட்டாங்க.

அந்த வண்டி மீட்டர்ல 46,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்துது. "ஓடவே இல்லையே, அதுக்குள்ள பெல்ட்டு எப்படிப் போகும்?"னு சென்னையிலேருந்து வந்த மகன் கேட்டாரு. நியாயமான கேள்விதான். ஆனா கம்பெனியிலேருந்து வந்தப்போ இருந்த அதே பெல்ட்டு அது. வயசு 14.

நகரத்துல இருக்கிறவங்க கிலோமீட்டர் கணக்கு பாக்குறீங்க. பல வண்டிக்கு 60,000-லேருந்து 1,00,000 கிலோமீட்டருக்குள்ள மாத்தச் சொல்வாங்க. அதுக்குப் பக்கத்துலயே "அல்லது இத்தனை வருஷம்"னு இருக்கும். ஊர் வண்டிக்கு அந்த ரெண்டாவது கணக்குதான் முக்கியம். சந்தைக்கு ஒரு தடவை, கல்யாணத்துக்கு ஒரு தடவைன்னு ஓடுற வண்டியில கிலோமீட்டர் ஏறாது, வயசு மட்டும் ஏறும். பம்பு செட்டு ஹோஸை வெயில்ல போட்டு வெச்சா தண்ணியே போகாட்டியும் வெடிச்சுப் போகுதில்ல, அதே கதைதான். இங்க சித்திரை வெயில் இருக்கு, மக்காச்சோளம் அடிக்கிற தூசி இருக்கு. பழைய ஆயில் சீல் கசிஞ்சு பெல்ட்டுல எண்ணெய் பட்டா ஆயுசு இன்னும் கொறையும்.

எஃப்சி பாத்தாச்சேன்னு சிலர் சொல்வாங்க. 15 வருஷம் முடிஞ்ச சொந்த வண்டிய புதுப்பிக்கப் போனா பிரேக், லைட், புகை எல்லாம் பாப்பாங்க. யாரும் கவரைக் கழட்டி பெல்ட்டுக்கு வயசு கேக்கிறதில்லை.

சரி, வீட்டுல மாத்தலாமா? போன மாசி மாசம் என் சான்ட்ரோவுக்கு வாசல்லயேதான் மாத்தினோம். என் அக்கா மகன் ஐடிஐ-யில டீசல் மெக்கானிக் படிச்சவன். கை அவனோடது, கூட நின்னது நான். ஒண்ணரை நாள் ஆச்சு. காசு மிச்சம் பிடிக்கிறதுக்காக செய்யல. வொர்க் ஷாப்புல விட்டா பில்லுல "பெல்ட் மாற்றப்பட்டது"ன்னு இருக்கும். உள்ள என்ன இருக்குன்னு நமக்குத் தெரியாது. டென்ஷனரையும் மாத்தினாங்களா, பழசையே போட்டாங்களா? வாசல்ல செஞ்சா எல்லாம் கண்ணு முன்னால இருக்கும்.

வேலை இப்படித்தான். பேட்டரி வயரைக் கழட்டணும். முன் சக்கரத்தைக் கழட்டினப்புறம் வண்டி ஸ்டாண்டு மேல நிக்கணும். வெறும் ஜாக்கிய நம்பி யாரும் கீழ தலைய விடக்கூடாது. அந்தப் பக்கத்து எஞ்சின் மவுண்ட்டைக் கழட்டணும்கிறதால, எஞ்சினுக்கு அடியில மரக்கட்டை வெச்சுத் தாங்கணும். வெளி பெல்ட்டு, புல்லி, கவர் எல்லாம் கழட்டினதும் உள்ள டைமிங் பெல்ட்டு தெரியும். பழசைக் கழட்டுறதுக்கு முன்னாலயே கிராங்க் மார்க்கையும் கேம் மார்க்கையும் அதது இடத்துக்கு நேரா கொண்டாந்து, வொயிட்னர்ல கோடு போட்டு, போனுல படம் எடுத்துக்கணும். அதுக்கப்புறம் ரெண்டையும் அசைக்கக்கூடாது.

புது பெல்ட்டு போட்டு, டென்ஷனரை இறுக்கினதும் சாவிய திருப்ப ஆசை வரும். திருப்பாதீங்க. ஸ்பேனர் போட்டு கையாலயே கிராங்கை எஞ்சின் ஓடுற திசையில ரெண்டு முழு சுத்து சுத்தணும். மார்க் எல்லாம் திரும்ப நேரா வந்து நிக்கணும். நடுவுல எங்கயாவது கெட்டியா தடுத்தா, வலுவா தள்ளாம நிறுத்திட்டு மறுபடி பாக்கணும். ஒரு பல்லு தப்பியிருந்தா இந்த ரெண்டு சுத்துல தெரிஞ்சிடும். இதை விட்டுட்டு செல்ஃப் அடிச்சா, வால்வு வளைஞ்சப்புறம்தான் தெரியும். போல்ட்டை எல்லாம் கையேட்டுல சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச் வெச்சு முறுக்கணும். கை அளவு போதாது.

எல்லைன்னு சொன்னேனே, அது இது. இந்த வேலைய ஒரு தடவையாவது செஞ்ச ஆள் கூட இல்லன்னா செய்யாதீங்க. வீடியோ பாத்துட்டு தனியா இறங்காதீங்க. பல டீசல் எஞ்சின்ல அதே பெல்ட்டுதான் டீசல் பம்பையும் சுத்துது, அந்த டைமிங்கும் சேர்ந்து வரணும். அதை வாசல்ல செய்ய நானே ஒத்துக்க மாட்டேன், ஷெட்டுக்குத்தான் அனுப்புவேன்.

"எஞ்சின் வேலைய ஊர்க்காரங்க தொடலாமா, கம்பெனிதான் தொடணும்"னு சில பேரு சொல்றாங்க. அதுல எனக்கு உடன்பாடு இல்ல. ஆயில் எஞ்சினைப் பிரிச்சு மாட்டின கைங்க இங்க நெறைய இருக்கு. இல்லாதது கையேடும் மார்க் படமும், அதுவும் தமிழ்ல. 2022-ல மத்திய அரசோட நுகர்வோர் விவகாரத் துறை, பழுது பார்க்கும் உரிமைக்குன்னு ஒரு குழு போட்டுது. விவசாயக் கருவி, செல்போன், வீட்டு சாமான், வாகனம்னு நாலு துறைய எடுத்தாங்க. டிராக்டரும் காரும் வெச்சிருக்கிற எங்களுக்கு இதுல ரெண்டு பங்கு இருக்கு. கம்பெனிங்க கையேட்டைத் தமிழ்ல குடுத்தா, தப்பா செய்யுறவன் கொறைவான்.

ஊருக்கு வண்டி அனுப்பப் போற தம்பி, தங்கச்சிங்களுக்கு மூணே விஷயம். ஒண்ணு, பெல்ட் மாத்தின தேதியும் கிலோமீட்டரும் ஒரு சீட்டுல எழுதி ஆர்சியோட வையுங்க. ரெண்டு, தேதி தெரியலன்னா மாத்தலன்னு நெனைச்சு, பெல்ட்டு, டென்ஷனர் ரெண்டையும் மாத்திட்டு அனுப்புங்க. வாட்டர் பம்பையும் ஆயில் சீலையும் அப்பவே பாக்கச் சொல்லுங்க. மூணு, வண்டியோட கையேட்டைப் பழைய பேப்பர் கடைக்குப் போடாம கூடவே அனுப்புங்க.

ஏற்கெனவே அனுப்பிட்டீங்களா? இந்த ஞாயித்துக்கிழமை அப்பாவுக்குப் போன் போட்டு, வண்டி எத்தனை வருஷம் ஆச்சுன்னு கேளுங்க. எவ்வளவு ஓடுச்சுன்னு அப்புறம் கேட்டுக்கலாம்.