கைகளுக்கு ஏணி எங்கே?

புண்ணைக் கழுவிக் கட்டுகிறவர் ஒருவர். இரத்த அழுத்தம் அளந்து, நோயின் வரலாற்றைக் கேட்டு எழுதி வைக்கிறவர் ஒருவர். அறுவைக் கூடத்தில் கருவியை எடுத்துத் தருகிறவர் இன்னொருவர். நோய் தீர்ந்ததும் டாக்டரைக் கையெடுத்துக் கும்பிடுகிறோம், தவறில்லை. மற்றவர்களையோ 'உதவியாள்' என்ற ஒரு சொல்லில் அடக்கிவிடுகிறோம். அவர் என்ன படித்தார், பத்தாண்டு கழித்து என்ன ஆவார் என்று கேட்பாரில்லை. அதை நாம் கேட்கிறோம்.

பிறப்பே தொழிலுக்கு எல்லை என்று வகுத்த நாடு இது. தலை சிந்திக்கும், கை செய்யும், கால் சுமக்கும். கை ஒருநாளும் தலையாகாது என்று கற்பித்த நாடு. அந்தப் புத்தி கோயிலோடு நிற்கவில்லை, மருத்துவமனைக்குள்ளும் புகுந்திருக்கிறது.

1835-இல் சென்னையில் மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது. எதற்காக? அப்பாதிக்கரிகளையும் டிரெஸ்ஸர்களையும் பழக்குவதற்காக. மேலே இருந்த வெள்ளை டாக்டருக்குக் கீழே நின்று பணி செய்யும் கைகளுக்காக. 1850-இல் அந்தப் பள்ளி கல்லூரியாயிற்று. பள்ளி உயர்ந்தது, கைகள் உயர்ந்தனவா?

உயர்த்த முடியாது என்பதில்லை. மருந்து கலக்கும் கம்பவுண்டரைப் பாருங்கள். 1948-இல் மருந்தாளுநர் சட்டம் வந்தது. படிப்புக்கு வரையறை, பெயருக்குப் பதிவேடு, தொழிலுக்கு மதிப்பு எல்லாம் அதன் வழியே வந்தன. தலையெழுத்து என்று சொல்லப்பட்டதைச் சட்டத்தின் எழுத்து மாற்றியது!

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 1965-இல் நால்வரைச் சேர்த்தனர். நால்வரும் கடற்படையில் மருத்துவப் பணி செய்தவர்கள். அவர்கள் கற்றிருந்ததைக் குப்பையில் எறியவில்லை. அதன்மேல் ஈராண்டுப் பயிற்சியை ஏற்றினர். 1967-இல் மூவர் மருத்துவர் உதவியாளராக வெளிவந்தனர். அங்கே ஒரு தொழிலே பிறந்தது. அந்தப் பயிற்சி சென்னைக்கும் வந்தது. 1992-இல் மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் தொடங்கியது. இன்று அது பட்டப்படிப்பு.

2021-இல் நாடாளுமன்றம் துணை மருத்துவத் தொழில்களுக்கென ஆணையச் சட்டம் இயற்றியது. மருத்துவர் உதவியாளரும் அதன் பட்டியலில் உண்டு. துணைத் தொழிலர் என்ற பெயருக்கே குறைந்தது 2,000 மணிப் படிப்பு வேண்டும்; அதுவும் ஈராண்டு முதல் நான்காண்டு வரை பரவியிருக்க வேண்டும் என்கிறது சட்டம். இன்னும் மேலான படிநிலைக்கு 3,600 மணி.

சுவரொட்டி என்ன சொல்கிறது? 'ஆறே மாதத்தில் மருத்துவ உதவியாளர், வேலை உறுதி!' நாளுக்கு ஆறு மணி, ஒரு நாளும் ஓய்வின்றிப் படித்தாலும் ஆறு மாதத்தில் ஏறத்தாழ 1,100 மணிதான் தேறும். மீதி 900 மணியை யார் தருவார்? தாலியை அடகு வைத்துப் பணம் கட்டிய தாய்க்கு யார் விடை சொல்வார்? கூலிக்காரன் வீட்டுப் பெண்ணின் கையில் சட்டம் ஏற்காத சான்றிதழைத் திணிப்பது கல்வி அன்று, கொள்ளை.

"உதவியாளரை உயர்த்தினால் போலி டாக்டர்கள் பெருகுவர்" என்று எச்சரிப்போர் உண்டு. போலியை வளர்ப்பது பயிற்சியா, பயிற்சியின்மையா? எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று எழுதி வைக்காத இடத்தில்தான் போலி முளைக்கிறான். எல்லை தெரிந்தவன் அதைத் தாண்ட அஞ்சுவான்; எல்லையே இல்லாதவனுக்கு அச்சம் எதற்கு?

ஆகவே நாம் கேட்பது சலுகை அன்று, ஒழுங்கு. ஒவ்வோர் உதவியாளருக்கும் பதிவேட்டில் பெயர் வேண்டும். கடமையும் எல்லையும் எழுத்தில் வேண்டும். ஆண்டுக்கணக்காய்ப் பணியில் இருப்போர் மேற்கொண்டு படிக்க ஊதியத்தோடு வாய்ப்பு வேண்டும். பட்டம் பெற்றோருக்கு அரசு மருத்துவமனையில் பதவியும் பதவி உயர்வும் வேண்டும். பட்டத்தைக் கொடுத்துவிட்டுப் பதவியை மறைப்பது, இலையைப் போட்டுவிட்டுச் சோற்றை மறைப்பதாகும்.

இளைஞர்களே! உங்கள் ஊரில் இப்படியொரு பயிற்சிக்கூடம் இருந்தால் உள்ளே சென்று கேளுங்கள்: எத்தனை மணி? எந்தப் பல்கலைக்கழகம்? எந்தப் பதிவேடு? விடை வராவிட்டால் அதைத் தெருவெல்லாம் சொல்லுங்கள். பணம் கட்டப் போகும் பெற்றோரின் காதில் அது விழட்டும்.