டெக் டிப்ஸ்: கடைசி மூணு எழுத்தைக் கவனிங்க!

அரக்கோணம் ஸ்டேஷன் பக்கத்துல ஒரு பிரவுசிங் சென்டர். மகளோட காலேஜ் அட்மிஷனுக்காக வந்த அம்மா, சாதிச் சான்றிதழ் பைலைத் திறந்தாங்க. நோட்பேட்ல புரியாத எழுத்தா கொட்டுச்சு. "என்னம்மா இது, சர்டிபிகேட்டே கெட்டுப்போச்சே!"னு என்கிட்ட சொல்லி கண் கலங்கிட்டாங்க.

பைல் கெடவே இல்லை. பேரோட கடைசியில, புள்ளிக்கு அப்புறம் இருக்குற எழுத்தை வெச்சுத்தான் எந்த ஆப்ல திறக்கணும்னு விண்டோஸ் முடிவு பண்ணும். 'பிடிஎஃப்'னா நோட்பேட்னு யாரோ மாத்தி வெச்சிருக்காங்க, அவ்வளவுதான்.

சரி பண்றது ஈஸி. பைல் மேல ரைட் கிளிக், 'ஓப்பன் வித்', 'சூஸ் அனதர் ஆப்', பிடிஎஃப் ரீடர், கடைசியா 'ஆல்வேஸ்'. அந்த லாகின்ல இது சேவ் ஆகிடும். 'ஜஸ்ட் ஒன்ஸ்' கொடுத்தா அந்த ஒரு தடவைதான். பைல் பேரை மட்டும் மாத்தாதீங்க. பேர் மாறினா உள்ளே இருக்குறது மாறாது.

இன்னொரு விஷயம். தெரிஞ்ச பைல் வகைகளோட கடைசி எழுத்துகளை விண்டோஸ் மறைச்சு வெச்சிருக்கும். அதனால 'மார்க்‌ஷீட்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ'ங்கிற புரோகிராம், வெறும் 'மார்க்‌ஷீட்.பிடிஎஃப்'னு தெரியும். விண்டோஸ் 11ல பைல் எக்ஸ்ப்ளோரர் திறந்து 'வியூ', 'ஷோ', 'பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' ஆன் பண்ணிடுங்க.

போன்லயும் இதே கதைதான். வாட்ஸ்அப்ல வர்ற கல்யாணப் பத்திரிகை 'ஏபிகே'னு முடிஞ்சா அது பத்திரிகை இல்லை, ஆப். இன்ஸ்டால் பண்ணா பேங்க் பணத்துக்கே ஆபத்து. தொடாம டெலிட் பண்ணுங்க. வீட்டுப் பெரியவங்ககிட்டயும் இன்னைக்கே சொல்லி வைங்க!