பூனைக்குட்டியும் தெள்ளுப்பூச்சியும்

திண்டுக்கல் வெப்பத்தில் தெள்ளுப்பூச்சி ஆண்டு முழுவதும் பெருகும். தாயிழந்த பூனைக்குட்டியை நம் பிள்ளைகள் இல்லத்திற்குக் கொணர்ந்தால், முதலில் அதன் ஈறுகளை நோக்குவோம். அவை வெளுத்திருப்பின், பூச்சிகள் இரத்தத்தை உறிஞ்சிவிட்டன. அன்றே கால்நடை மருத்துவரை நாடவேண்டும்.

மண்ணெண்ணெய், பினாயில், கற்பூரம், நாய்க்குரிய பெர்மெத்ரின் மருந்து ஆகியன அறவே வேண்டா. குட்டி தன் உடலைத் தானே நக்கும். அந்நஞ்சை முறிக்கும் ஆற்றல் அதன் ஈரலுக்கு இல்லை. பேன்சீப்பால் மெல்ல வாரி, பூச்சிகளைச் சோப்பு நீரில் அமிழ்த்துவோம். குட்டி குளிரால் வாடாதபடி கதகதப்பாக வைப்போம். முட்டைகள் படுக்கையில் உதிர்வதால், அத்துணியை நாள்தோறும் வெந்நீரில் அலசுவோம்.

1962இல் புனிதராக உயர்த்தப்பெற்ற மார்ட்டின் தெ போரஸ், லீமா நகரில் நோயுற்ற விலங்குகளையும் பேணினார், மருத்துவமும் கற்றிருந்தார். இரக்கத்தோடு அறிவும் சேரட்டும்.