விற்காவிட்டாலும் நட்டம் நட்டம்தான்

"விக்காத வரைக்கும் நட்டமே இல்ல மாப்ள." 2021 கடைசியில் அக்கா வீட்டுக்காரர், என் மச்சான், இப்படிச் சொன்னார். கிரிப்டோவில் பணம் போட்டவர்கள் எல்லோரும் யார் வாயிலிருந்தாவது இதைக் கேட்டிருப்பார்கள். நான் நம்பினேன். ஒரு சின்னக் காயினில் 80,000 ரூபாய் போட்டிருந்தேன். பாதியாக இறங்கியபோது விற்கவில்லை. "இப்ப வாங்கினா ஆவரேஜ் ஆயிடும்" என்றார்கள். இன்னும் 60,000 போட்டேன். இன்று மொத்தமும் சேர்ந்து 6,000 தேறினால் பெரிது. மச்சான் மேல் எனக்குக் கோபமில்லை. அவரும் அதே காயினைத்தான் வைத்திருக்கிறார். என் கோபமெல்லாம் அந்தப் பேச்சின் மேல்.

விலை இறங்கிய அன்றே நட்டம் வந்துவிட்டது. விற்கும்போது நாம் அதை ஒப்புக்கொள்கிறோம், அவ்வளவுதான். அந்த 6,000 ரூபாய் இப்போது ரொக்கமாகக் கையில் இருந்தால் இதே காயினை வாங்குவேனா? மாட்டேன். அப்படியானால் எதற்காக வைத்திருக்கிறேன்?

பொறுத்திருந்தால் பலன் உண்டு என்பதை நாம் நிலத்திலும் நகையிலும் கற்றோம். புஞ்சையின் விலை இறங்கினாலும் அதில் கடலை விளையும். நகை கழுத்தில் கிடக்கும், அவசரத்துக்கு அடகுக்கும் போகும். நல்ல கம்பெனிப் பங்கு டிவிடெண்டு தரும். பெரும்பாலான காயின்களுக்குப் பின்னால் இப்படி எந்த வருமானமும் இல்லை. நம்மைவிடக் கூடுதல் விலை கொடுக்க இன்னொருவர் வந்தாக வேண்டும். 90 சதவீதம் விழுந்த காயின் பழைய விலையைத் தொட, பத்து மடங்கு ஏற வேண்டும்.

லூனா என்ற காயினுக்கு நடந்ததைப் பாருங்கள். 2022 மே மாதத் தொடக்கத்தில் ஒரு லூனா 80 டாலர் அளவில் இருந்தது. அதோடு பிணைத்து யுஎஸ்டி என்றொரு காயின். அது எப்போதும் ஒரு டாலருக்குச் சமமாக நிற்கும் என்றார்கள். அதைப் போட்டுவைத்தால் ஆண்டுக்கு 20 சதவீதத்துக்கு நெருக்கமாக வட்டி. ஒரு யுஎஸ்டியைத் திருப்பிக் கொடுத்தால் ஒரு டாலர் பெறுமான லூனாவைப் புதிதாக உருவாக்கித் தருவது ஏற்பாடு. யுஎஸ்டி ஒரு டாலருக்குக் கீழே வழுக்கியதும் எல்லோரும் மாற்ற ஓடினார்கள். லூனா விலை விழ விழ, அதே ஒரு டாலருக்கு இன்னும் நிறைய லூனா உருவாக்க வேண்டியிருந்தது. சுமார் 35 கோடியாக இருந்த எண்ணிக்கை சில நாட்களில் 6.5 லட்சம் கோடியானது. நூறு லூனாவை விற்காமல் பொறுமை காத்தவரின் வாலட்டில் அதே நூறு அப்படியே இருந்தது. அதன் மதிப்பு முழுவதும் கரைந்திருந்தது.

பிட்காயின் திரும்பி வரவில்லையா என்பார்கள். வந்தது. 2021 நவம்பரில் 69,000 டாலரை ஒட்டி நின்றது, ஓராண்டில் 16,000-க்கும் கீழே போய், 2024 மார்ச்சில் பழைய உச்சத்தைத் தாண்டியது. ஆனால் அந்த ஒன்றைக் காட்டி எல்லாக் காயினையும் பிடித்து வைக்கச் சொல்வது அநியாயம். பிட்காயினையே விற்காமல் எஃப்டிஎக்ஸ் எக்ஸ்சேஞ்சில் வைத்திருந்தவர்கள் கதை என்ன? 2022 நவம்பர் 11 அன்று அது திவால் மனு போட்டது. அன்றைய விலைதான், 17,000 டாலருக்கும் குறைவு, அவர்களுக்கான கணக்கு. 2024 டிசம்பரில் பிட்காயின் ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது. 2025-இல் பணம் திரும்பி வரத் தொடங்கியபோது, வட்டி சேர்த்தும், அந்த ஏற்றம் அவர்கள் கைக்கு வரவில்லை.

சரி, நாமெல்லாம் பிடித்துக்கொண்டிருந்தபோது விற்றது யார்? பாசல் நகரில் உள்ள சர்வதேச செட்டில்மென்ட் வங்கியின் ஆய்வாளர்கள் இதைப் பார்த்திருக்கிறார்கள். விலை சரிந்த நாட்களில் பெரிய கைகள் விற்றன, சிறியவர்கள் வாங்கினார்கள். 2015 முதல் 2022 வரை கிரிப்டோ செயலிகளுக்குள் வந்தவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் பணம் இழந்திருப்பார்கள் என்பது அவர்கள் கணக்கு. "விற்காதே" என்ற பேச்சால், வெளியேறுகிறவர்களுக்குத்தான் விலை கிடைத்தது.

நம் நாட்டுச் சட்டத்தில், ஒரு காயினில் வந்த நட்டத்தை இன்னொரு காயினில் வந்த லாபத்தில்கூடக் கழிக்க முடியாது. அதனால் விற்று என்ன பயன் என்று கேட்கிறார்கள். மிஞ்சியது கைக்கு வரும். அது பயன் இல்லையா?

போன ஜூனில் மச்சான் மகளுக்குக் கல்லூரியில் பணம் கட்ட வேண்டியிருந்தது. அவர் போனில் அந்தக் காயின் இன்னும் விற்காமல்தான் இருக்கிறது. அக்காவின் வளையல்கள் அடகுக்குப் போயின. வட்டி மாதாமாதம் ஏறுகிறது.