மண்டபத்தில் மடிக்கணினி, சாவு வீட்டில் பறை

கடந்த ஆவணி முகூர்த்தம் ஒன்றுக்கு அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு திருமண மண்டபத்துக்குப் போயிருந்தோம். மாப்பிள்ளை அழைப்பு வாசலைத் தாண்டும்போது பறை அதிர்ந்தது. நல்ல அடி, கேட்டவர்கள் காலைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை. ஆனால் ஆட்டக்காரர் என்று ஒருவரும் அங்கே இல்லை. மேடை ஓரத்தில் ஓர் இளைஞர் மடிக்கணினியோடு நின்றார். இருபுறமும் ஆளுயர ஒலிபெருக்கிகள். அதே வாரத்தில் அதே ஊரில் ஒரு பெரியவர் காலமானார். அந்த வீட்டுக்கு மடிக்கணினியை யாரும் அழைக்கவில்லை. விடிவதற்கு முன்பே காலனிக்கு ஆள் வந்துவிட்டது.

கணினியில் இசையமைப்பதா, கருவிகளை நேரில் வாசிப்பதா என்ற விவாதம் செயற்கை நுண்ணறிவின் வரவால் மறுபடி சூடாகியிருக்கிறது. பத்திரிகைகளிலும் தொலைக்காட்சிகளிலும் பேசுகிறவர்கள் பெரும்பாலும் திரைத்துறையினர். அவர்கள் வயலின் வரிசைகளைப் பற்றியும் புல்லாங்குழலின் மூச்சைப் பற்றியும் பேசுகிறார்கள். அந்த மண்டபத்தையும் அந்தச் சாவு வீட்டையும் சேர்த்துப் பார்த்தவர்களுக்கு இதே விவாதம் வேறு மாதிரி தெரியும்.

சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களில் ஒரு காலத்தில் பாடல் பதிவு என்றால், வாசிப்பவர்கள் எல்லோரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து ஒரே நேரத்தில் வாசிப்பதுதான். ஒருவர் தவறினால் எல்லோரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். சிந்தசைசரும் சாம்ப்ளரும் வந்தன. 1992இல் ‘ரோஜா’ வெளிவந்த பிறகு, வீட்டோடு அமைந்த ஒரு சிறு கூடத்திலிருந்தே ஒரு முழுப் படத்துக்கும் இசை தர முடியும் என்பது எல்லோருக்கும் விளங்கிவிட்டது. வயலினும் டிரம்பெட்டும் வாசித்துக் குடும்பம் நடத்தியவர்கள் வேலை இழந்தார்கள். அது உண்மையான இழப்பு. ஆனால் அவர்களுக்குச் சங்கம் இருந்தது, பேச ஆள் இருந்தது. ‘கிராமத்து எஃபெக்ட்’ வேண்டும் என்று ஒரு நாளைக்கு மட்டும் ஊரிலிருந்து அழைத்துப் போகப்பட்ட பறைக்காரருக்கு அந்த இழப்பைச் சொல்லக்கூட இடம் இருந்ததில்லை.

ஒரு பறை எப்படிக் கணினிக்குள் போகிறது என்பதை நம் வாசகர்கள் தெரிந்துகொள்வது நல்லது. வாசிப்பவரை ஓர் அறைக்குள் நிறுத்துகிறார்கள். நடுத்தோலில் ஓர் அடி, விளிம்பில் ஓர் அடி, சிண்டுக்குச்சியால் தனியாக, அடிக்குச்சியால் தனியாக, மெதுவாக, ஓங்கி, மறுபடியும் என்று வாங்குகிறார்கள். பிறகு காதில் தாளத்துக்கான ‘டிக், டிக்’ ஒலியை மாட்டிவிட்டு முழுச் சுற்றுகளை வாசிக்கச் சொல்கிறார்கள். அந்த ஒலிகள் துண்டுதுண்டாக வெட்டிச் சேமிக்கப்படுகின்றன. அதன்பின் யார் வேண்டுமானாலும் ஒரு விசையைத் தட்டினால் அந்த அடி எழும். நம் ஊர் இன்னிசைக் கச்சேரிகளில் ‘பேட்’ வாசிப்பவர் ரப்பர்ப் பரப்பில் குச்சியால் தட்ட, உறுமியும் பம்பையும் பறையும் மாறிமாறிக் கேட்பது இப்படித்தான். வாசித்தவருக்கு அரை நாள் கூலி. வாசிப்புக்கோ ஓய்வே கிடையாது.

இதற்குப் பதிலாகப் பலர் சொல்வது, இயந்திரத்துக்கு ஆன்மா இல்லை, நேரில் வாசிப்பதுபோல் வராது என்பது. வராது என்பது மெய்தான். கார்த்திகை ஈரத்தில் தோல் தொய்ந்து குரல் இறங்கும். வைக்கோல் கொளுத்திக் காய்ச்சினால் ஏறும், சிறிது நேரத்தில் மறுபடி இறங்கும். நான்கு பேர் சேர்ந்து அடித்தால் நான்கும் மயிரிழை முன்பின்னாகத்தான் விழும். அதில்தான் அந்த அதிர்வே இருக்கிறது. ஆடுகிறவனின் கால்தான் வேகத்தைத் தீர்மானிக்கும். கணினி எல்லா அடியையும் சம அளவுக் கட்டங்களுக்குள் தள்ளிவிடும். ஆனாலும் நம் வழக்கை இந்த வாதத்தின் மேல் கட்டக் கூடாது. கருவிகள் ஆண்டுக்கு ஆண்டு தேறி வருகின்றன. அந்த முன்பின்னையும் போலி செய்யும் மென்பொருள் இப்போதே இருக்கிறது. ஆன்மாவை நம்பி வழக்காடினால் ஒருநாள் தோற்போம்.

பறையாட்டக்காரரின் வேலையை எடுத்தது கணினிதானா என்று முதலில் கேட்போம். நம் மாவட்டத்துத் திருமண மண்டபங்களைச் சுற்றிப் பாருங்கள். கேரளத்திலிருந்து செண்டை மேளம் வருகிறது. வண்டிச் சத்தம், சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் கொடுத்து அழைக்கிறார்கள். செண்டையும் தோல்தான், குச்சிதான், நேரில் வாசிப்பதுதான். ஆக, நேரில் அடிக்கும் தோல்கருவிக்கு மவுசு குறைந்துவிடவில்லை. கணினி வந்ததால் அதற்குச் செலவழிக்க மனம் இல்லாமல் போகவும் இல்லை. செண்டை அடிப்பவர் எந்தத் தெரு என்று இங்கே யாருக்கும் தெரியாது. பறை அடிப்பவர் எந்தத் தெரு என்று எல்லோருக்கும் தெரியும். பறையின் ஒலி மண்டபத்துக்குள் வேண்டும், அதை அடிக்கிற ஆள் வேண்டாம் என்ற பழைய ஆசைக்குக் கணினி வசதி செய்து கொடுத்திருக்கிறது.

நம்மவர்களிலேயே சிலர் இதை வேறு விதமாகப் பார்க்கிறார்கள். ‘இழவுக்கு அடிக்கிற வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டால் நல்லதுதானே, விட்டது சனியன்’ என்கிறார்கள். இந்தக் குரலை அலட்சியமாகத் தள்ள நமக்கு மனம் வரவில்லை. பறையைக் கிழித்துப் போட்டு, இனி எந்தச் சாவுக்கும் அடிக்க மாட்டோம் என்று சொன்ன ஊர்கள் உண்டு. அதற்காக ஊர்விலக்கத்தை அனுபவித்தவர்கள் உண்டு. 1990களில் மதுரையில் நடந்த தலித் கலை விழாக்கள் அதே பறையை மேடைக்கு ஏற்றின. அடிமைத்தனத்தின் அடையாளம் என்று விட்டதை விடுதலையின் கருவி என்று எடுத்தார்கள். இரு தரப்பும் அவரவர் இடத்தில் சரியாகவே இருந்தார்கள் என்பது நம் எண்ணம்.

ஆனால் இயந்திரம் உண்மையில் எந்த வேலையை எடுத்தது? நகரத்துச் சாவு வீடுகளில் ஒப்பாரியைப் பதிவில் போடுகிறார்கள். சீருடை அணிந்த குழுக்கள் பேரம் பேசி, முன்பணம் வாங்கி வருகின்றன. அது தொழில், அதில் இழிவில்லை. கிராமத்தில் நிலைமை அப்படியில்லை. அங்கே சாவுக்குப் பறை இசைக்காக அழைக்கப்படுவதில்லை. தெருமுனையில் ஓர் ஆள் வந்து நிற்க வேண்டும், கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும், வர மாட்டேன் என்று சொல்லக் கூடாது. அந்த நிற்றலைக் கணினி செய்து தராது; எனவே அங்கே கணினியை யாரும் வாங்கவில்லை. மாப்பிள்ளை அழைப்பு, கோயில் திருவிழா, கட்சி ஊர்வலம், சினிமா என்று கூலியும் கைத்தட்டலும் கிடைக்கிற இடங்களில்தான் பதிவு நுழைந்திருக்கிறது. வராதே என்று சொல்லப்பட்ட இடத்தில் ஒலி மட்டும் போய் உட்கார்ந்துகொண்டது. வா என்று கட்டாயப்படுத்தப்படும் இடத்தில் ஆள் இன்னும் நிற்கிறார். விருப்பமில்லாதவரை இப்படி நிறுத்திக் கட்டாய வேலை வாங்குவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதைக் காவல் நிலையத்தில் நினைவூட்ட வேண்டியிருப்பது தனிக்கதை.

2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது நம் மாவட்டமே மகிழ்ந்தது. தொல்காப்பியம் திணைதோறும் பறையைக் கருப்பொருளில் சேர்த்திருப்பதை மேடைக்கு மேடை சொன்னார்கள். பெருமைதான். ஆனால் பெருமை ஒரு பக்கம் ஏறும்போது, வாசிக்கிறவரின் கையில் ஒரு துண்டுக் காகிதமாவது இருக்கிறதா என்று பார்த்தால் இல்லை.

அந்தக் காகிதத்தின் கதை இது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 2012இல் திருத்தப்பட்டபோது, நிகழ்த்துகிற கலைஞருக்குத் தனி உரிமை விரிவாக வந்தது. அவர் சம்மதமின்றி அவர் வாசிப்பைப் பதிவு செய்யக் கூடாது. வணிகத்துக்குப் பயன்படுத்தினால் உரிமத்தொகை உண்டு. உரிமை 50 ஆண்டுகள் நிற்கும். தன் பெயரைச் சொல்லும்படி கேட்கலாம், தன் வாசிப்பைச் சிதைத்தால் தடுக்கலாம். உரிமையை எழுதிக் கையொப்பமிட்டுத்தான் மாற்றிக் கொடுக்க முடியும். எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் 5 ஆண்டுகள். எந்த இடத்துக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். படிக்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது.

அதே திருத்தம் இன்னொரு கதவையும் வைத்திருக்கிறது. திரைப்படத்தில் ஒருவரது பங்களிப்பு தற்செயலானது அல்லது துணையானது என்றால், அத்தகையவர் பெயரை எங்கும் போடாதது தொழிலின் வழக்கம் என்றால், அவர் சட்டத்தின் பார்வையில் கலைஞரே அல்லர். சிதைப்பைத் தடுக்கும் ஓர் உரிமை மட்டும் மிஞ்சும். பெயர் போடச் சொல்லிக் கேட்கும் உரிமைகூடக் கிடையாது. பெயர் போடாத வழக்கத்தை யார் உண்டாக்கினார்களோ அவர்களுக்கு அந்த வழக்கமே கவசம். படத்தின் தலைப்பு அட்டையில் ‘கிராமியக் கலைஞர்கள்’ என்று பொத்தாம்பொதுவாக ஒரு வரி ஓடுவதை நாம் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! அந்த வரிக்குள் இருந்தவர்களுக்கு ஊர், பெயர், அப்பன் பெயர் எல்லாம் இருந்தன.

ஒப்பிட ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 2024இல் ‘லால் சலாம்’ படப் பாடலுக்காக, மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவு வழியே ஏ.ஆர். ரஹ்மான் பயன்படுத்தினார். இரு குடும்பங்களிடமும் அனுமதி பெற்று, உரிய ஊதியமும் அனுப்பியதாக அவரே வெளிப்படையாகத் தெரிவித்தார். இறந்தவரின் குரலைக் கணினியில் எழுப்பவே வீடு தேடிப் போய்க் கேட்க முடிகிறது என்றால், உயிரோடு இருக்கிறவரின் கையடியை எடுக்கும்போது கேட்பதில் என்ன கஷ்டம்? பாடகர்களுக்கு 2013இல் தொடங்கிய உரிமைச் சங்கம் இப்போது இசைக்கருவி வாசிப்பவர்களையும் உறுப்பினராக்குகிறது. நம் மாவட்டத்து ஆட்டக்குழுக்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க வேண்டும்.

இப்படி எழுதுவதால் கணினி நமக்கு எதிரி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சபாக்களின் வாசலும் பெரிய ஒலிப்பதிவுக் கூடங்களின் வாசலும் திறக்காத பிள்ளைகளுக்கு ஒரு பழைய மடிக்கணினியும் தலையில் மாட்டும் ஒலிக்கருவியும் போதுமானதாக இருந்திருக்கின்றன. வடசென்னையின் கானா குடியிருப்புகளைத் தாண்டி ஊரெல்லாம் கேட்பது அதனால்தான். 2018 ஜனவரியில் ‘கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதன்முதலாக மேடையேறியபோதும், 2020 முதல் ‘மார்கழியில் மக்களிசை’ நடக்கும்போதும் பறையும் மின்கருவியும் ஒரே மேடையில்தான் நிற்கின்றன. சண்டை அங்கே இல்லை.

மண்டபத்தில் மடிக்கணினியோடு நின்ற அந்த இளைஞருக்கே திரும்புவோம். விசாரித்தோம். அதே காலனிப் பிள்ளை. பந்தியில் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டார். எந்தத் தெரு என்று யாரும் கேட்கவில்லை. சாவு வீட்டுக்குப் போனவர்களில் ஒருவர் அவருடைய தாய்மாமன். அந்த மண்டபத்துக்குள் மாமனுக்குக் கிடைக்காத நாற்காலி மருமகனுக்குக் கிடைத்திருக்கிறது. இதில் நாம் சந்தோஷப்படுவதா, வருத்தப்படுவதா என்று இன்னும் விளங்கவில்லை. அவர் ஓடவிட்ட பறை ஒலி இணையத்திலிருந்து எடுத்தது. கோப்பின் பெயர் ‘பறை லூப் 7’. யார் வாசித்தது, எந்த ஊர், ஒன்றும் இல்லை.

இரண்டு நாள் கழித்து மாமனிடம் அதைப் போட்டுக் காட்டினோம். தலையைச் சாய்த்துக் கேட்டார். “இது சாமிச்சாட்டு அடிடா மாப்ளே. இதப் போட்டா மாப்பிள்ளைய அழைச்சிட்டு வந்தீங்க?” என்று சிரித்தார். பிறகு சப்பரத்து அடி, மருள் அடி, ஒத்தையடி, வாழ்த்தடி என்று ஒவ்வொன்றாகச் சொல்லித் தொடையில் தட்டிக் காட்டினார். சினிமா அடி என்றும் ஒன்று உண்டாம். சினிமா நம்மிடம் எடுப்பதற்கு முன்னால் நாமும் சினிமாவிடம் எடுத்திருக்கிறோம், அதையும் ஒளிக்க வேண்டியதில்லை.

தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007இல் அமைக்கப்பட்டது. அடையாள அட்டை, உதவித்தொகை என்று அதன் வேலை நடக்கிறது. அதோடு, ஒலிப்பதிவுக்குப் போகும் கலைஞர் கையில் கொடுத்தனுப்ப, எளிய தமிழில் ஒரு பக்க ஒப்பந்தப் படிவத்தையும் அது அச்சிட்டுத் தரலாம். வாசித்தவர் பெயர், வாசித்த அடி, நாள், எதற்காக, எத்தனை ஆண்டு, மறுபடி விற்றால் எவ்வளவு பங்கு, அவ்வளவுதான். கலை பண்பாட்டுத் துறையும், 2023 முதல் மறுபடி நடக்கும் ‘சென்னை சங்கமம் – நம்ம ஊரு திருவிழா’வும் தாங்கள் எடுக்கும் பதிவுகளில் இதையே முதலில் கடைப்பிடிக்கலாம். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை.

மருமகன் இப்போது மாமனின் அடிகளைப் பதிவு செய்யப் போகிறார். வைக்கோல் ஏற்பாடாகிவிட்டது. காகிதம் எங்கே என்று கேட்டோம். பள்ளி நோட்டிலிருந்து ஒரு தாள் கிழித்தார்கள். மாமன் பெயரை எழுதச் சொன்னபோது, மாமன் தன் ஆசான் பெயரையும் மேலே எழுதச் சொன்னார்.